இளையோர் கைக்கு எந்நூல்?

பதின்மூன்று அகவைக்கும் பத்தொன்பது அகவைக்கும் இடைப்பட்ட பருவம் வினாக்களின் பருவம். குழந்தை, "இஃது என்ன?" என்று கேட்கும். வளர்ந்த இளையோரோ, "இஃது ஏன் இவ்வாறு இருக்கின்றது? வேறு விதமாய் இருத்தல் ஆகாதா?" என்று கேட்கின்றனர். இவ்வினாவுக்கு விடை கூறும் கடன் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. விடை தெரிந்திருந்தும் மறைத்தல் அறமாகுமா? கூறப் புகின் எவ்வளவு கூறுவது, எம்முறையிற் கூறுவது? இளையோர்க்கென எழுதப்படும் அறிவுநூல்களை நாம் தேர்ந்தெடுக்கும்போது, அறிந்தோ அறியாமலோ இவ்வினாக்களுக்கே விடை அளிக்கின்றோம். ஆதலின் அவற்றைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

இவ்வாராய்ச்சிக்குக் கேரளத்தின் கிழக்கெல்லை ஏற்ற நிலமாகும். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது இவர்கள் எல்லைக்கு அப்பால் நின்றனர். அவ்வாண்டிலேயே அரசியல் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 350அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையோர் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. இன்றும் அப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரள அரசு தமிழிலும் பாடநூல்களை அச்சிட்டு வழங்குகின்றது. ஆயினும் சமூகவியல், அறிவியல் நூல்கள் பெரும்பாலும் மலையாளத்தினின்றும் பெயர்க்கப்படுபவை. பள்ளிக்கு வெளியே இளையோர் படிக்கத்தக்க நூல்களோ, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மிகுதியாகவும் தமிழிற் குறைவாகவுமே அவர்கள் கைக்கு எட்டுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. உலகப் பிரச்சினைகள் என்று நூல்கள் பேசுபவை அனைத்தும் அந்நிலத்து இளையோர்க்கு வீட்டு வாசலிலேயே நிற்கின்றன.

நீர் உரிமையைப் பற்றிப் பேசும் நூல் தொலைநாடுகளை எடுத்துக்காட்டும். சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிலாச்சிமடையிலோ, 2000ஆம் ஆண்டில் கொக்கோ கோலாத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. கிணற்று நீர் வற்றிக் கெட்டுப்போயிற்று என்று 2002 ஏப்ரலில் ஊரார் அறப்போர் தொடங்கினர். இரவாளர் குலத்துப் பழங்குடிப் பெண்மணி மயிலம்மா அதன் முன்னணியில் நின்றார். 2004இல் அவ்வாலை நின்றது. தொழிலாளர் உரிமையைப் பற்றிய பாடம் ஐரோப்பிய ஆலைகளைக் கூறும். மூணாற்றிலோ, 2015 செப்டம்பரில் மிகைஊதியம் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, நாட்கூலி 232 ரூபாய் பெற்றுவந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். ஆண்களே தலைமை தாங்கிய சங்கங்களையும் விலக்கிவைத்து, 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளில் 'பொம்பிளை ஒருமை' என்று தம் அணிக்குப் பெயரிட்டனர். ஒன்பது நாளில் மிகைஊதியத்தை மீட்டனர். புவி வெப்பமடைதலைப் பற்றிய பாடம் உருகும் பனிமலைகளைக் காட்டும். இராஜமலையை அடுத்த பெட்டிமுடியிலோ, 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களின்மேல் வீழ்ந்ததில் 70 பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளிச் சிறாரும் பலர். இன வேற்றுமையைப் பற்றிய பாடம் தென்னாப்பிரிக்காவைக் கூறும். முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பிலோ, அருந்ததிய மக்கள் தேநீர்க் கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் ஒதுக்கப்படுகின்றனர் என்னும் முறையீடு 2017இல் நாடறிந்த செய்தியாயிற்று.

இவற்றை அவ்வூர் இளையோர்க்கு நூல் கூற வேண்டுமா?

"வேண்டா" என்போர் பலர். அவர்கள் கொடியவர் அல்லர். பெரும்பாலும் அன்புடைய பெற்றோரே. "நாங்கள் பட்டது போதும், பிள்ளைகளாவது அதை நினையாமல் படித்து மேலேறட்டும். பழைய புண்ணைக் கிளறி அவர்கள் நெஞ்சில் ஏன் சுமையேற்ற வேண்டும்?" என்பது அவர்கள் கூற்று. இக்கூற்றை எளிதிற் புறந்தள்ளுதல் முறையன்று. துன்பப்பட்டவன் தன் மகனுக்கு அத்துன்பத்தின் நிழலும் வேண்டா என்று விழைதல் இயல்பு.

ஆயினும் நம் மரபில் இதற்கு ஒரு பெரும் எடுத்துக்காட்டு உண்டு. சுத்தோதனர் தம் மைந்தன் கண்ணில் மூப்பும் பிணியும் சாக்காடும் படாதவாறு அரண்மனையைச் சுற்றிக் காவல் அமைத்தார் என்று கதை கூறுகின்றது. அவ்வரணை எழுப்பியது பகையன்று, அன்பே. எனினும் அதனால் விளைந்தது யாது? எந்தச் சிறுவனும் பாட்டன் மடியில் அறிந்துகொள்ளக்கூடிய ஒன்றைச் சித்தார்த்தர் மணமாகி மகப்பேறும் எய்தும் பருவத்தில், தெருவில், தனியே கண்டு திகைக்க நேர்ந்தது. மறைக்கப்பட்டது மறைந்துபோகவில்லை, ஆயத்தமில்லாத நெஞ்சில் அது வந்து மோதிற்று. சித்தார்த்தர் பெருந்தகையாதலின் அம்மோதலினின்று மெய்யறிவு பிறந்தது. எல்லாப் பிள்ளைகட்கும் அவ்வாறு நிகழும் என்று நாம் எதிர்நோக்கலாமோ?

மேலும், அரண்மனைச் சிறுவனுக்குத் துன்பத்தை மறைத்தல் இயலும். லயத்துச் சிறுமிக்கு இயலாது. கடையில் தன் தந்தையை எங்கே அமரச் சொல்கின்றனர் என்பதை அவள் காண்கின்றாள். தாயின் கூலியை அறிவாள். மழைநாளில் வீட்டார் விழித்திருப்பதன் காரணத்தையும் அறிவாள். நூல் இவை யாவற்றையும் கூறாது விடின், அவள் இரண்டில் ஒன்றைத்தான் முடிவு செய்யக்கூடும். 'நூல் பொய் கூறுகின்றது' என்று எண்ணி நூல்களையே வெறுப்பாள்; அல்லது, 'என் வாழ்வு நூலில் எழுதத் தகுந்ததன்று' என்று எண்ணித் தன்னையே வெறுப்பாள். பின்னது முன்னதினும் கொடிது. ஆகவே மறைத்தலால் அவள் துன்பம் குறைவதில்லை. துன்பத்தைப் பற்றிப் பேசும் சொற்கள்தாம் அவளுக்கு இல்லாமற் போகின்றன.

இனி இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. "உண்மையைக் கூறின் இளநெஞ்சில் பகை மூளாதா? வெகுளியைத் தீ என்று கூறும் அறநெறியைத் தழுவிய நாமே தீயை மூட்டலாமா?" என்பது அது. இம்மறுப்பில் உண்மை இருக்கின்றது. துன்பத்தை மட்டும் அடுக்கி, ஒரு சாராரைக் கொடியராக நிறுத்தி, "இதோ உன் பகைவன்" என்று சுட்டிக்காட்டும் நூல் அறிவுநூல் ஆகாது. எனினும் அதற்கு மருந்து மௌனமன்று; காரணங்களைக் காட்டுதலே மருந்து. ஒன்று இருப்பதனால் மற்றொன்று உண்டாகின்றது, ஒன்று நீங்குவதனால் மற்றொன்று நீங்குகின்றது என்னும் சார்பிற்றோற்ற நெறியை வழிபாட்டு வேளையில் ஓதுவதோடு நாம் நிறுத்திவிடுகின்றோம். சமூக நூல் எழுதுவோர்க்கும் அது வழிகாட்டியன்றோ?

பிலாச்சிமடையையே எடுத்துக்கொள்வோம். 'ஒரு நிறுவனம் தீயது. ஊரார் நல்லவர்' என்று இரண்டு வரியில் முடிப்பது எளிது. அதைப் படிக்கும் பிள்ளை கைதட்டும். ஆயின் எதையும் அறியாது. காரணங்களைத் தொடர்ந்து செல்லும் நூலோ, வேறு வகையிற் பேசும். சித்தூர் கேரளத்திலேயே மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று. அத்தகைய இடத்தில் நீரை மிகுதியாக உண்ணும் தொழில் ஏன் அமைந்தது? நிலத்துக்கு அடியில் உள்ள நீர் நிலத்துக்கு உரியவனுக்கே உரியது என்னும் கருத்து நம் சட்டத்தில் எக்காலத்தில் நுழைந்தது? வேலைவாய்ப்பு வரும் என்று வரவேற்றவர் யாவர்? ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது, நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத்து நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்து ஆயம் மாறாகக் கூறிற்று. ஒரே சட்டத்தைப் படித்தவர்கள் ஏன் வேறுபட்டனர்? ஆலை நின்றபோது வேலை இழந்தவர் நிலை என்ன? அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை, அது ஏன்? இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்லும் இளைஞன் வெகுளி கொள்ளான் என்று கூறவில்லை. கொள்வான். ஆயின் அவன் வெகுளி ஓர் ஆளின்மேல் பாய்ந்து அவிந்துபோகாது. எந்தக் கண்ணியை அறுத்தால் சங்கிலி அறும் என்று தேடும்.

பெட்டிமுடியும் அவ்வாறே. அரபிக்கடல் வெப்பமுறுதலால் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை மிகுகின்றது என்று அறிவியலார் கூறுகின்றனர். அஃது உலகக் காரணம். ஆயின் மழை எல்லார் கூரையின் மேலும் பெய்கின்றது. மலைச்சரிவின் அடியில் குடியிருப்பவர் யார் என்பதை மழை முடிவு செய்வதில்லை. தோட்டம் உண்டான காலத்திலே தொழிலாளர்க்கு எங்கே, எவ்வாறு குடியிருப்பு அமைந்தது, ஐந்து தலைமுறை உழைத்தும் ஒரு துண்டு நிலம் அவர்கட்கு உரிமையாகாதது ஏன் என்பன உள்ளூர்க் காரணங்கள். நல்ல நூல் இரண்டையும் ஒருங்கே காட்டும். வானத்தை மட்டும் காட்டும் நூல் மனிதனைக் குற்றத்தினின்றும் விடுவித்துவிடும். மனிதனை மட்டும் காட்டும் நூலோ, வானத்தை அறியாது செய்துவிடும்.

இனி நூலாசிரியனின் நேர்மையை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் ஒன்று உண்டு. நம் பக்கமும் மறுபக்கமும் ஒருங்கே உண்மை உடையனவாய் இருக்கும்போது அவன் என் செய்கின்றான்? முல்லைப் பெரியாற்று அணை இதற்குச் சான்று. 1886இல் திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டு, 1895இல் அணை முடிந்தது. அணை நிற்பது இடுக்கியில். நீர் பாய்வது தேனி, மதுரை முதலிய மாவட்டங்களில். 2011ஆம் ஆண்டின் இறுதியில் இது பற்றிக் கிளம்பிய பூசலில் எல்லையின் இருபுறத்தும் எளியோர் தாக்கப்பட்டனர். இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்க் கூலிகள் அஞ்சி மலையிறங்கி ஓடினர். 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஒரு பக்கத்துப் பிள்ளைக்கு, "அவர்கள் நம்மை நீரில் மூழ்கடிக்கப் பார்க்கின்றனர்" என்றும், மறுபக்கத்துப் பிள்ளைக்கு, "அவர்கள் நம் வயலைக் காயவைக்கப் பார்க்கின்றனர்" என்றும் கூறப்படுகின்றது. ஆயின் அணைக்குக் கீழே உள்ள ஊர்களுள் ஒன்று வண்டிப்பெரியாறு. அங்கே வாழ்வோருள் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். அவர்கள் உறவினரோ கம்பம் பள்ளத்தாக்கில் அந்நீரால் உழுது உண்பவர். அச்சமும் தாகமும் ஒரே குடும்பத்துள் இருக்கின்றன. அவ்வூர்ச் சிறுவனுக்கு ஒரு பக்கத்தை மட்டும் கூறும் நூல் அவன் குடும்பத்தில் ஒரு பாதியை மறைக்கும் நூலேயாம்.

உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் வாளெடுத்த வரலாற்றை நம் வாசகர் அறிவர். அண்ணல் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் சித்தார்த்தர் துறவுக்கே அப்பூசலைக் காரணமாக அமைத்தார். நீரின் விலை யாது, சிந்தப்போகும் குருதியின் விலை யாது என்பதே புத்தர் அவர்களிடம் எழுப்பியதாக மரபு கூறும் வினா. அவர் ஒரு சாராரை வாழ்த்தி மறுசாராரைப் பழிக்கவில்லை என்பதை நோக்குக. தம் குலத்தாரும் எதிரே நிற்போரும் ஒருங்கே கேட்கவேண்டிய வினாவை எழுப்பினார். எல்லைப்புறத்து இளையோர்க்கு எழுதுவோர் கற்கவேண்டிய கலை அதுவே.

இவ்வளவும் பிறர் குறைகளைப் பற்றியது. இனி நமக்கே உறைக்கக்கூடிய பகுதிக்கு வருவோம்.

2008ஆம் ஆண்டு கேரளத்தில் ஏழாம் வகுப்புச் சமூகவியல் நூலில் 'மதமில்லாத ஜீவன்' என்னும் சிறு பாடம் இடம்பெற்றது. வெவ்வேறு மதத்துப் பெற்றோர்க்குப் பிறந்த சிறுவனைப் பள்ளியிற் சேர்க்கும்போது, மதம், சாதி என்னும் இடங்களில் ஒன்றும் எழுதவேண்டா என்றும், வளர்ந்தபின் அவன் விரும்பும் மதத்தை அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்றும் பெற்றோர் கூறுவதாக அப்பாடம் அமைந்தது. இதனை எதிர்த்து மாநிலம் முழுதும் கிளர்ச்சி எழுந்தது, நூல்கள் கொளுத்தப்பட்டன, மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர் உயிரிழந்தார். வரலாற்றறிஞர் கே. என். பணிக்கர் தலைமையிலான குழு ஆராய்ந்தபின் பாடம் திருத்தப்பட்டது. பன்னிரண்டு அகவைப் பிள்ளைகட்கு எழுதப்பட்ட ஒரு பக்கம் இத்துணை அச்சத்தை விளைத்தது ஏன்? மதம் என்பது பிறப்பால் வருவதா, தேர்வால் வருவதா என்னும் வினாவைப் பிள்ளை கேட்டுவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

தேர்வால் மதம் மாறியவர்கள் நாம். ஆதலின் அப்பாடத்தை நாம் எளிதிற் பாராட்டுவோம். பாராட்டுமுன் ஒன்றை நினைத்தல் வேண்டும். நம் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும்போது பதிவேட்டில் நாம் யாது எழுதுகின்றோம்? 'பௌத்தம்' என்று எழுதுகின்றோம். அதில் தவறில்லை, தாழ்த்தப்பட்டோர்க்குரிய சலுகை பௌத்தம் தழுவியவர்க்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால்தான் கிடைத்தது என்பதனால், அவ்வொரு சொல்லுக்குப் பின்னே நெடிய போராட்டம் உண்டு. ஆயின் நாம் ஆராய்ந்து தேர்ந்த ஒன்று, நம் பிள்ளைக்கு ஆராயாது பெற்ற ஒன்றாகிவிடுகின்றது. அவள் பதினாறு அகவையில், "நீங்கள் உங்கள் பெற்றோர் மதத்தை ஆராய்ந்து விட்டீர்கள், நான் உங்கள் மதத்தை ஆராயலாமா?" என்று கேட்பின் நாம் என் சொல்வோம்?

கேசபுத்த நகரத்துக் காலாமர்க்குப் புத்தர் கூறிய அறிவுரை இங்கே நம்மை நோக்கித் திரும்புகின்றது. வழிவழி வந்தது என்பதனாலோ, நூலில் உளது என்பதனாலோ, ஆசான் கூறினான் என்பதனாலோ ஒன்றை ஏலாது, அது தீமை பயப்பதா நன்மை பயப்பதா எனத் தாமே அறிந்து ஏற்குமாறு அவர் கூறினார். தம் கூற்றுக்கு மட்டும் அவ்விதியினின்று விலக்கு அளிக்கவில்லை. பிறர் நூல்கள் ஆராய்ச்சிக்கு உரியன, நம் நூல்கள் வணக்கத்துக்கு உரியன என்று பிள்ளைகட்குக் கற்பிப்போமாயின், 2008இல் நூலைக் கொளுத்தியவர்க்கும் நமக்கும் வேற்றுமை சிறிதே.

அரசுகளும் இச்சோதனைக்கு உட்பட்டவையே. 2022இல் மத்தியப் பாடநூல் கழகம் சுமையைக் குறைத்தல் என்னும் பெயரால் நீக்கிய சில வரலாற்றுப் பகுதிகளைக் கேரள அரசு 2023 ஆகஸ்டில் துணைநூல்களாக வெளியிட்டுப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு வழங்கிற்று. சேர்த்தது நன்று என்பதே நம் கருத்து. ஆயினும் மாணவன் கேட்கவேண்டிய வினா அதனோடு முடியவில்லை. 'நீக்கியவர் ஏன் நீக்கினர்?' என்று கேட்கக் கற்றவன், 'சேர்த்தவர் இன்னும் எதைச் சேர்க்கவில்லை? என் மலையும் என் தெருவும் எந்த வகுப்பு நூலில் வருகின்றன?' என்றும் கேட்பானாக.

செயலுக்கு வருவோம். இத்தகைய நூல்கள் வானினின்று வீழ்வதில்லை. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து, உயர்பள்ளி மாணவர்க்கெனச் 'சாஸ்திர கேரளம்' என்னும் இதழை 1969இல் தொடங்கிற்று. பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் போராட்டத்தில் அவ்வியக்கத்தின் நூல்களும் வகுப்புகளும் பெரும்பங்கு பெற்றன. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. தமிழ்நாட்டிலும் அறிவியல் இயக்கம் சிறுவர்க்கெனத் 'துளிர்' இதழை நடத்தி வருகின்றது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தம் வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டு, விலையையே பெயராக்கினார். கூலிக்காரரும் வாங்கத்தக்க விலை. வாசகர் வினாக்களுக்கு விடை. இவ்விரண்டும் அவ்விதழின் இயல்புகள். மலிவும் வினாவிடையும் இன்றும் இளையோர் நூலுக்கு ஏற்ற இலக்கணமேயாம்.

பெரிய பதிப்பகம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒரு படிப்பகமும் பத்து இளையோரும் இருப்பின் போதும். பாடநூலில் நிலத்தடி நீர் என்று வருமாயின், தம் ஊர்க் கிணறுகளின் ஆழத்தை அவர்களே அளந்து எழுதுக. கூலி என்று வருமாயின், தாயின் சம்பளச் சீட்டைப் படித்து, 2015இல் கேட்கப்பட்டது 500 ரூபாய், பின்னர்த் தீர்ந்தது 301 ரூபாய் என்பதோடு ஒப்பிடுக. தேயிலை என்று வருமாயின், இதே இலையைப் பறித்த இலங்கைத் தமிழர் 1948இல் குடியுரிமை இழந்ததும், 1964இல் செய்த உடன்படிக்கையால் இலட்சக்கணக்கில் கப்பலேற்றப்பட்டதும் அறிக. அருகிலிருந்து தொடங்கினால் உலகம் தானே வந்து சேரும். அவர்கள் எழுதும் குறிப்பேடே அவ்வூரின் முதல் சமூக நூலாகும்.

இறுதியாக ஒன்று. அறிவு பெற்ற இளைஞன் அதனை எவ்வாறு ஆளுவான் என்னும் கவலை நமக்கு இருத்தல் இயல்பு. புத்தர் தம் இளம்பருவத்து மகன் இராகுலனுக்கு அளித்த பாடம் அக்கவலைக்குத் தக்க விடை. கண்ணாடி எதற்கு உரியது என்று கேட்டு, முகத்தைப் பார்த்தற்கு என்று மகன் கூற, அவ்வாறே ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், இது தனக்கோ பிறர்க்கோ தீங்காகுமா என நோக்குக என்றார். மகன் காணவேண்டிய முடிவை அவர் கூறவில்லை. காணும் கருவியைக் கையிற் கொடுத்தார். இளையோர்க்கு நாம் வாங்கிக் கொடுக்கும் நூலும் அத்தகைய கண்ணாடியாக இருக்கட்டும். அதில் ஊர் தெரியும், உலகம் தெரியும். ஒரு நாள் அதை அவர்கள் நம் பக்கமும் திருப்பிக் காட்டுவர். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருத்தல் நம் கடன்.